உங்களுக்கு மட்டும் பெரிய பழம்

கேள்வி: ஒரு செஃப் தானே முன்னின்று நடத்தும் ஃபைன் டைனிங் உணவகம். 3 வருடத்தில் 11 தடவை போய்விட்டேன். செஃபே மேசைக்கு வந்து பேசுவார். மெனுவில் இல்லாத ஒரு தட்டு எனக்காக எப்போதும் வரும். ஆகா ஓகோவென்று சொல்லி நண்பர் ஒருவரை அனுப்பிவைத்தேன். "நல்லாத்தான் இருந்தது, ஆனா நீ சொன்ன அளவுக்கு ஒண்ணுமில்லை" என்று திரும்பி வந்தார். "பழகப் பழகப் பாலும் புளிக்கும், உனக்கு இன்னும் புளிக்கலையா?" என்று கிண்டல் வேறு. அவருக்கு ரசனை போதவில்லையா, எனக்குக் கண் மறைத்துவிட்டதா?

பதில்: அவர் ரசனையில் ஒரு பழுதும் இல்லை. உங்கள் கண்தான் கொஞ்சம் மறைத்திருக்கிறது. ஆனால் நீங்கள் 11 தடவை போனதை நான் குறை சொல்ல மாட்டேன். அது வேறு, இது வேறு.

உங்கள் நண்பர் போனது நீங்கள் போகும் உணவகத்துக்கே இல்லை. விலாசம் ஒன்று, வாசல் ஒன்று, சமைத்தவர்கள்கூட அதே ஆட்கள். சாப்பாடு மட்டும் வேறு.

1993 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸில் வந்த ஒரு விமர்சனம் இதைப் போட்டு உடைத்தது. ரூத் ரைஷல் அப்போதுதான் அந்தப் பத்திரிகைக்கு உணவக விமர்சகராக வந்திருந்தார். லெ சர்க் என்பது அன்றைக்கு அந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடும் உணவகம். பத்திரிகை அதற்குத் தந்திருந்தது 4 நட்சத்திரம், அதற்கு மேல் கிடையாது. ரைஷல் விக் வைத்துக்கொண்டு, வேறு பெயரில், யாரோ ஒரு அம்மாவாகப் போனார். பார்த்துக்கொண்டிருந்த ஒயின் பட்டியலை ஒருவர் வந்து கேட்டு வாங்கிப் போனார். அது திரும்பி வர 20 நிமிடம். ஐந்து மாதத்தில் ஐந்து முறை சாப்பிட்டதில், நாலாவது தடவைதான் உரிமையாளர் சிரியோ மச்சோனி ஆளைக் கண்டுகொண்டார். அப்போது இனிப்பு மேசைக்கு வந்தாகிவிட்டது. இருந்த சின்னத் தட்டு மறைந்து பெரிய தட்டு வந்தது. புதிதாக வந்து இறங்கிய இனிப்புகளின் மேல் இருந்த ராஸ்பெர்ரிப் பழங்கள் முன்பு வந்தவற்றைப் போல மூன்று மடங்கு பெரியவை என்று அந்த அம்மாள் எழுதினார். இன்னொரு தடவை போனபோது, ஸ்பெயின் ராஜா பாரில் காத்துக்கொண்டிருக்கிறார், உங்கள் மேசை தயார் என்று மச்சோனி அழைத்துப் போனாராம். ரைஷல் கொடுத்தது 3 நட்சத்திரம்.

அந்த ராஸ்பெர்ரியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெட்டி ஒன்றாகத்தான் இருந்திருக்கும். தெரிந்தவர் தட்டுக்குப் பெரியதாகப் பொறுக்கிவிட்டால், மிச்சம் யார் தட்டுக்குப் போகும்? உங்கள் நண்பர் தட்டுக்கு.

இதில் சூழ்ச்சி ஒன்றும் இல்லை, தொழில் அப்படித்தான் நடக்கிறது. ஒரு காலத்தில் மேலாளரின் தலையிலும் நோட்டிலும் இருந்த விவரம், 1998-ல் ஓப்பன்டேபிள் மாதிரியான முன்பதிவு நிறுவனங்கள் வந்த பிறகு கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. எத்தனை தடவை வந்தீர்கள், எந்த மூலை பிடிக்கும், எது ஒத்துக்கொள்ளாது, போன தடவை எதை மிச்சம் வைத்தீர்கள், எல்லாம் உங்கள் பெயருக்கு எதிரே இருக்கும். நீங்கள் உட்கார்ந்ததும் சமையலறைக்குள் போகும் சீட்டில் சில இடங்களில் 'பி.எக்ஸ்' என்று அடித்திருப்பார்கள். பிரெஞ்சில் 'பெர்சோன் எக்ஸ்ட்ராஆர்டினேர்' என்பதன் சுருக்கம். நம் பேச்சில் சொன்னால், வேண்டப்பட்ட ஆள். அந்த இரண்டு எழுத்தைப் பார்த்ததும் பயிற்சிக்கு வந்த பையன் ஒதுங்கிக்கொள்வான், மூத்தவர் கை வைப்பார். உங்கள் நண்பரின் சீட்டில் அந்த எழுத்து இல்லை. அவருக்குக் கிடைத்தது அந்த உணவகத்தின் அன்றாடச் சமையல். நீங்கள் அதைச் சாப்பிட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று உங்களுக்கே தெரியாது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களை மட்டும் குறை சொன்னதாக ஆகும். எனக்கும் அப்படி ஓர் இடம் இருந்தது. ஒரு நாள் முன்பதிவு இல்லாமல் போய் நின்றேன். வாசலில் ஒரு தம்பதி காத்திருந்தார்கள், அந்த அம்மாள் கையில் சின்னப் பூங்கொத்து. என்ன விசேஷமோ. மேலாளர் என்னைப் பார்த்ததும் சிரித்தார், அவர்களைத் தாண்டி என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய் ஜன்னலோர மேசையில் உட்கார வைத்தார். நான் 'அவர்கள் முதலில்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளுக்குள் குளிர்ந்துதான் போயிருந்தேன். பத்து நிமிடம் கழித்து அவர்கள் கழிப்பறைப் பக்கத்து மேசைக்குப் போகும்போது அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். அன்றைக்கு என்ன சாப்பிட்டேன் என்று இப்போது சுத்தமாக நினைவில்லை. அந்தப் பூங்கொத்து நினைவிருக்கிறது.

சரி, பால் புளிக்கிற விஷயத்துக்கு வருவோம். அங்கே நான் உங்கள் கட்சி.

ஃபைன் டைனிங்கில் முதல் தடவை சாப்பிட்டதைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது என்பேன். பத்துப் பன்னிரண்டு தட்டுகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் சர்வர் ஒரு சின்னப் பிரசங்கம் செய்வார். எந்தக் கரண்டி, எதை முதலில், கையால் தொடலாமா என்று பாதிக் கவனம் அதிலேயே போய்விடும். மீதியைப் போன் கேமரா தின்றுவிடும். நாக்குக்கு அன்றைக்கு வேலை குறைவு. மூன்றாவது தடவைதான், போன முறை இருந்த புளிப்பு இன்றைக்கு ஒரு படி இறங்கியிருக்கிறதே என்று பிடிபடும். ஒரு செஃப் என்ன யோசிக்கிறார் என்பது அந்த இறக்கத்தில்தான் தெரியும்.

எல்லோரும் கொண்டாடும் மிஷலின் நட்சத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மிஷலின் என்ற டயர் கம்பெனி 1900-ல் கார்க்காரர்களுக்கு இலவசமாகக் கொடுத்த கையேட்டில் பிறந்தது அது. 1926-ல் உணவகங்களுக்கு நட்சத்திரம் வந்தது, 1931-ல் இரண்டும் மூன்றும் சேர்ந்தன, 1936-ல் அவற்றுக்குப் பொருள் சொன்னார்கள். இன்றைய வாசகத்தில் ஒன்று என்றால் நின்று போகலாம், இரண்டு என்றால் வழியை விட்டு விலகிப் போகலாம், மூன்று என்றால் அதற்காகவே பயணம் கிளம்பலாம். மூன்றுமே வண்டி எவ்வளவு தூரம் ஓடலாம் என்ற கணக்கு. டயர் விற்பவருக்கு வேறு என்ன கவலை இருக்கும்! மறுபடி மறுபடி போகத் தகுந்த இடம் என்பதற்கு ஒரு நட்சத்திரமும் கிடையாது. இத்தனைக்கும் அந்த ஆய்வாளர்கள் பெயர் சொல்லாமல், பில்லைத் தாங்களே கட்டிக்கொண்டு, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர்கள். உங்கள் நண்பர் அவர்களையும் கேலி செய்வாரா?

திரும்பிப் போகிறவர்களிலும் இரண்டு ஜாதி உண்டு. ஒரு ஜாதி போன தடவை சாப்பிட்டதையே தேடிப் போகும். பிரான்ஸில் லியோனுக்குப் பக்கத்தில், செஃப் பால் போக்யூஸின் உணவகத்தில் கருப்பு ட்ரஃபிள் சூப் ஒன்று உண்டு. ட்ரஃபிள் என்பது மண்ணுக்கடியில் விளையும் ஒரு காளான். 1975-ல் பிரெஞ்சு அதிபர் ஜிஸ்கார் தெஸ்தேங்குக்காகச் செய்தது. கிண்ணத்தின் வாயை மூடி, உப்பலாக, பொன்னிறத்தில் ஒரு மாவு மூடி. கரண்டியால் தட்டினால் அது உடையும், உள்ளேயிருந்து ஆவி முகத்தில் அடிக்கும். பல பத்தாண்டுகளாக மெனுவை விட்டு அது இறங்கவில்லை. இறக்கியிருந்தால் பழைய வாடிக்கையாளர்கள் சும்மா விட்டிருப்பார்களா! இன்னொரு ஜாதி, போன தடவை சாப்பிட்டது இன்றைக்கு இருக்கக் கூடாது என்று போகும். அவர்களுக்கு ஸ்பெயினில் செஃப் ஃபெரான் அட்ரியாவின் எல்புல்லி உணவகம் இருந்தது. வருடத்தில் பாதி நாள்தான் திறந்திருக்கும். மீதி நாள் பார்சிலோனாவில் ஒரு பட்டறையில் அடுத்த பருவத்துக்கான புதுத் தட்டுகளைச் சோதித்துக்கொண்டிருப்பார்கள். 2011 ஜூலையில் கடையைச் சாத்தியபோது அவர்கள் கணக்கில் 1846 தட்டுகள்.

நீங்கள் எந்த ஜாதி? தெரியவில்லை. ஏனென்றால் உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். செஃப் வந்து பேசினார், தனித் தட்டு வந்தது, 11 தடவை போனேன், எல்லாம் இருக்கிறது. என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. நண்பரிடமும் இப்படித்தான் சொல்லி அனுப்பியிருப்பீர்கள் என்று சந்தேகிக்கிறேன். அவர் போய் உட்கார்ந்து, செஃப் வருவார் வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

செஃப் காட்டுவது அன்பா வியாபாரமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்தக் கேள்வி உள்ளே இருக்கிறது. இரண்டும்தான், இரண்டிலும் தப்பில்லை. முப்பது நாற்பது நாற்காலி உள்ள இடத்தில் நாலு பேர் சொல்லாமல் கொள்ளாமல் வராமல் போனால், அன்றைக்கு வெட்டி வைத்ததை வேறு யாருக்கும் விற்க முடியாது. சிக்காகோவில் செஃப் கிராண்ட் அகட்ஸும் அவர் கூட்டாளி நிக் கொகோனாஸும் 2011-ல் 'நெக்ஸ்ட்' உணவகத்தைத் திறந்தபோது, நாடகத்துக்கு விற்பது போல முன்பணம் வாங்கிக்கொண்டு டிக்கெட்டாகவே விற்றார்கள். அந்த நிலைமையில், வருவேன் என்றால் வந்துவிடுகிற ஒருவர் மேல் செஃபுக்குப் பிரியம் வராமல் இருக்குமா?

ஆனால் தெரிந்தவர்களாலேயே ஓர் இடம் நிரம்பிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. டோக்கியோவில் சுகியாபாஷி ஜிரோ என்ற சுஷி உணவகம், பத்து இருக்கை, மூன்று நட்சத்திரம். 2020-ஆம் வருடப் பதிப்பிலிருந்து அதை மிஷலின் எடுத்துவிட்டது. சாப்பாட்டில் குறை என்று அல்ல. பொதுமக்கள் யாரும் முன்பதிவு செய்ய முடியாத இடத்தைக் கையேட்டில் போட்டு என்ன பயன் என்று.

உங்களை மாதிரி ஆட்களால் அந்த செஃபுக்கு உண்மையான உபயோகம் ஒன்று உண்டு, அதைச் செய்கிறீர்களா என்று மட்டும் கேட்கிறேன். சமையலறை தெரியும்படி உட்கார்ந்து ஒரு முறை சாப்பிட்டேன். தட்டுகள் வெளியே போகும் மேடைக்குப் பக்கத்தில் செஃப் நின்றிருந்தார். போகிற தட்டுகளை அவர் பார்த்தது ஆச்சரியமில்லை, அது அவர் வேலை. வருகிற தட்டுகளையும் பார்த்தார். பாதி சாப்பிட்ட தட்டு ஒன்று திரும்பி வந்தது. கழுவப் போன பையனைக் கையைக் காட்டி நிறுத்தினார். வாடிக்கையாளர் தொடாத ஓரத்திலிருந்து குழம்பைக் கரண்டியால் எடுத்து வாயில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. அடுப்புப் பக்கம் போய்ப் பாத்திரத்திலிருந்து இன்னொரு கரண்டி. அப்புறம் உப்பு டப்பாவைத் தள்ளி வைத்தார்.

அந்தத் தட்டை மிச்சம் வைத்தவர் யாரென்று தெரியாது. நீங்களாக இருந்திருந்தால் வழித்துச் சாப்பிட்டிருப்பீர்கள், செஃப் வந்து கேட்டால் 'பிரமாதம்' என்றும் சொல்லியிருப்பீர்கள். தனித் தட்டு கொடுத்தவரிடம் உப்பு கூட என்று எப்படிச் சொல்வது? 11 தடவையில் ஒரு தடவையாவது சொன்னீர்களா? சொல்லியிருந்தால் நான் எழுதியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

இப்போதைக்கு நண்பருக்கு நீங்கள் ஒரு சாப்பாடு கடன். வேறு ஏதாவது இடமாக, உங்கள் முகம் யாருக்கும் தெரியாத இடமாகப் பாருங்கள். மேசை அவர் பெயரில், பில் உங்கள் பெயரில்.