தாஜ்மகாலுக்கு முன்னால் பார்க்க வேண்டிய கல்லறை

கேள்வி: குடும்பத்தோடு இரண்டு நாள் ஆக்ரா போகிறோம். 'பேபி தாஜ்' என்கிற இதிமாத் உத் தௌலா கல்லறைக்கும் போக வேண்டுமா? தாஜ்மகாலில் இல்லாதது அங்கே என்ன இருக்கிறது?

பதில்: அவசியம் போங்கள். ஆனால் தாஜ்மகாலைப் பார்ப்பதற்கு முன்பே போய்விடுங்கள். தாஜின் உருவம் கண்ணில் நிற்கும்போது போனால், நடுவில் பெரிய குவிமாடம் இல்லாத, பக்கத்துக்குச் சுமார் 21 மீட்டரே உள்ள இந்தக் கட்டடம் சின்னதாகத் தோன்றிவிடும். 'பேபி' என்ற பெயரே பொருந்தாது. வயதில் இதுதான் மூத்தது. இது 1622 முதல் 1628 வரை கட்டப்பட்டது. தாஜ் வேலை ஆரம்பித்தது 1632-ல்.

கட்டியவர் ஜஹாங்கீரின் மனைவி நூர்ஜஹான். பாரசீகத்திலிருந்து வந்து அக்பர் அவையில் சேர்ந்த அவருடைய தந்தை மிர்சா கியாஸ் பேக்குக்கு ஜஹாங்கீர் கொடுத்த பட்டம்தான் இதிமாத் உத் தௌலா. மும்தாஜ் இந்தக் கியாஸ் பேக்குக்கு மகன் வழிப் பேத்தி. ஹுமாயூன், அக்பர் கல்லறைகளில் செம்மணற்கல்தான் மேலோங்கி நிற்கும். இங்கே மேடைக்கு மேல் எல்லாம் வெள்ளைப் பளிங்கு.

வாசல் கிழக்கே இருப்பதால் காலையிலேயே போங்கள். வெயில் நேராக முன்சுவரில் விழும்போது கற்களின் நிறம் நன்றாக எடுபடும். தூரத்தில் நின்று படம் எடுத்ததும் திரும்பிவிடாமல், சுவருக்கு இரண்டடி தள்ளி நில்லுங்கள். அங்கே இரண்டு விதமான வேலை தெரியும். நட்சத்திரமும் அறுகோணமுமாக, நிறக் கற்களை வெட்டி இடைவெளி இல்லாமல் பாய் பின்னியதுபோல் பொருத்தியது ஒன்று. பளிங்கில் குழி வெட்டி, பூச்சாடி, குடுவை, சைப்ரஸ் மரம் என்று கல்லைப் பதித்தது மற்றொன்று, இதுதான் பர்ச்சின்காரி.

ஆக்ராவில் இன்றும் இந்த வேலை செய்கிறார்கள். பளிங்கின் மேல் காவி பூசி, அதில் ஊசியால் கீறினால் கோடு வெள்ளையாகத் தெரியும். அந்தக் கோட்டின்படி உளியால் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு வெட்டுவார்கள். சிரமம் பதிக்கும் கல்லில்தான். கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் பளிங்கு 3, பதிக்கும் கற்களில் ஒன்றான சூதுபவளம் கிட்டத்தட்ட 7. உளி வைத்தால் தெறித்துவிடும். சுழலும் சாணைக்கல்லில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, குழியில் வைத்துப் பார்த்து, மறுபடி தேய்ப்பார்கள். கல் உதிர்ந்துபோன குழி எங்காவது கண்ணில் பட்டால் குனிந்து பாருங்கள். கல்லுக்கடியில் மறைந்திருந்த உளி வேலை அங்கே வெளியே தெரியும். தொட்டு மட்டும் பார்க்காதீர்கள். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பளிங்கில் இறங்கிக் கறையாகிவிடும். குழந்தைகளுக்கு இதை உள்ளே போகும் முன்பே சொல்லி வையுங்கள்.

உள்ளே மஞ்சள் நிறத்தில் இரண்டு கல்லறைகள். மையத்தில் இருப்பது நூர்ஜஹானின் தாய் அஸ்மத் பேகத்தினுடையது. 1621-ல் முதலில் இறந்தவர் அவர். கணவருடையது அதற்குப் பக்கத்தில். தாஜிலும் இதே அமைப்புதான்: மும்தாஜ் மையத்தில், ஷாஜஹான் பக்கத்தில். 'ஷாஜஹானை அங்கே வைக்கத் திட்டமே இல்லை, பிறகு திணித்தார்கள்' என்று யாராவது சொன்னால், மும்தாஜின் தாத்தா பாட்டி இருக்கும் இந்த அறையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். அன்று மாலை, யமுனையின் இதே கரையில் உள்ள மெஹ்தாப் பாகிலிருந்து தாஜின் பின்புறத்தைப் பார்க்கலாம். மறுநாள் விடியற்காலையில் தாஜ். வெள்ளிக்கிழமை தாஜுக்கு விடுமுறை. உங்கள் இரண்டு நாளில் ஒன்று வெள்ளி என்றால், அதை இந்தக் கல்லறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.