மாமாவின் சந்தோசமும் கடனட்டை வட்டியும்

கேள்வி: எனக்கு 68 வயது, மனைவிக்கு 66. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரொறன்ரோவில் இருந்துவிட்டு, கனடாக் கடவுச்சீட்டோடு வதிவிட விசாவில் வந்து திருகோணமலை உப்புவெளியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். வந்து 14 மாதம். இருவருக்கும் சேர்த்து மாதம் 1,750 டொலர் ஓய்வூதியம் வருகிறது. அது போதாமல் கடனட்டையில் காசு எடுக்கிறோம். நிலுவை 3,100 டொலர் ஆகிவிட்டது. சேமிப்பில் 8,000 இருக்கிறது, அதைத் தொடக்கூடாது என்று மனைவி சொல்கிறா. எங்கே போனாலும் டிப்ஸ் கொடுக்க வேண்டியிருக்கிறது, கொடுக்காவிட்டால் ‘கனடாக்காரர் கஞ்சன்’ என்கிறார்கள். இங்கே எவ்வளவு கொடுப்பது முறை? எங்களை ஓட்டோவில் ஏற்றி இறக்கும் என் அக்காவின் மகன், லீசிங்கில் வான் எடுக்க 6 இலட்சம் முற்பணமும் என் பிணைக் கையெழுத்தும் கேட்கிறான். அவனுடைய கூட்டாளி, ஒரு செயலியில் பணம் போட்டால் மாதம் 5 சதவீதம் வரும் என்கிறான். அதில் போட்டுக் கடனை அடைக்கலாமா?
– உப்புவெளி வாசகர்

பதில்: ஐயா, டிப்ஸ் எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் நீங்கள் அனுப்பிய செலவுக் குறிப்பைப் பார்த்தால் வியாதி வேறு இடத்தில் இருக்கிறது.

கனடா டொலரை 220 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருமானம் 385,000. வாடகை 80,000, சாப்பாடு 75,000, மின்சாரமும் இணையமும் 25,000, மருந்து 30,000, காலையில் வந்து மதியம் போகும் வேலைக்காரப் பெண்ணின் சம்பளம் 25,000, கனடாவில் இன்னும் கட்டிக்கொண்டிருப்பவை 200 டொலர், அதாவது 44,000. கூட்டினால் 279,000. மிச்சம் 106,000. உப்புவெளியில் இரண்டு பேருக்கு இது தாராளம். ஆறு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்ததால், வருமானம் குறைந்த முதியோருக்குக் கனடா கொடுக்கும் ஜிஐஎஸ் கொடுப்பனவு நின்றுபோனதைப் பற்றி நீண்ட பத்தி எழுதியிருக்கிறீர்கள். அது விதி, நின்றது நின்றதுதான். அது இல்லாமலே உங்களுக்குப் போதும்.

போதாமல் போவது ‘மற்றவை’ என்று நீங்கள் ஒரே வரியில் எழுதிய 145,000 ரூபாயால். கடிதத்தில் அங்கங்கே சொன்னதை வைத்து அதைப் பிரித்தேன். ஹோட்டல் மேசையில் வைத்தது, வேலைக்காரப் பெண்ணுக்கு வாராவாரம் கொடுத்தது, சாமான் கொண்டுவரும் பையன், செருப்புப் பார்ப்பவர், புறாத்தீவுக்குக் கூட்டிப்போன படகுக்காரர் எல்லாம் சேர்த்து 40,000. உங்கள் மருமகனுக்கு, அதாவது அக்காவின் மகனுக்கு, ஒவ்வொரு ஓட்டோ ஓட்டத்துக்கும் 3,000 வீதம் மாதம் இருபது தடவை, 60,000. அக்கா வீட்டுக்கு அப்பப்போ 45,000. நீங்கள் குறைப்படும் டிப்ஸ் கால்வாசிக்குச் சற்று மேல்தான். மீதி முழுக்க உறவு.

இந்த 145,000-க்கு உங்களிடம் இருப்பது 106,000. குறைகிற 39,000 ரூபாயை ஏடிஎம்மில் கடனட்டையைப் போட்டு எடுக்கிறீர்கள். ஐயா, இதுதான் நான் உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ளும் இடம். கடனட்டையில் பொருள் வாங்கினால் வட்டியில்லாமல் சில வாரம் தவணை உண்டு, காசாக எடுத்தால் எடுத்த நாளே வட்டி ஓடத் தொடங்கும். கனடா அட்டைகளில் அது வழக்கமாக ஆண்டுக்கு 23 சதவீதம் அளவில் இருக்கும். போதாததற்கு எடுக்கும் ஒவ்வொரு தடவையும் கட்டணம், நாணய மாற்றுக்கு இன்னொரு கழிவு. 3,100 டொலருக்கு இப்போது மாதம் கிட்டத்தட்ட 59 டொலர் வட்டி, நம் காசில் 13,000. உங்கள் வீட்டில் சமைத்துக் கூட்டிப் பெருக்கும் பெண்ணின் சம்பளத்தில் பாதிக்கு மேல். அவளுக்கு இன்னும் இரண்டாயிரம் கூட்டிக் கொடுக்கலாமா என்று யோசிக்கும் நீங்கள், யாரென்றே தெரியாத வங்கிக்கு இதை மறுபேச்சில்லாமல் கொடுக்கிறீர்கள்.

ஆகவே முதல் வேலை, அந்த 8,000-இல் இருந்து 3,100-ஐ எடுத்துக் கடனட்டையை இந்த வாரமே அடைப்பது. சேமிப்பில் இரண்டு மூன்று சதவீதம் வாங்கிக்கொண்டு கடனுக்கு 23 கட்டுவதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை என்று மனைவிக்கு எடுத்துச் சொல்லுங்கள். அப்புறம் அட்டையை அலுமாரிக்குள் வையுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை, ஒரே தொகையாக, இங்குள்ள வங்கிக் கணக்குக்குக் காசை அனுப்பி, அதிலிருந்து மட்டும் எடுங்கள். கவுண்டரிலேயே ஒரு கட்டு நூறு ரூபாய்த் தாள் வாங்கிக்கொள்ளுங்கள். ஏடிஎம் தருவது பெரும்பாலும் ஐயாயிரம் ரூபாய்த் தாள். கையில் சில்லறை இல்லாததால் ஆயிரத்தை நீட்டிவிட்டு ‘மிச்சத்தை வைச்சிரு’ என்று வருவதே உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

இனி டிப்ஸ். ஒன்ராறியோவில் மது பரிமாறும் ஊழியருக்கு 2021 முடியும் வரை சட்டமே குறைந்த அடிப்படைக் கூலியைத்தான் வைத்திருந்தது. டிப்ஸ் அந்தச் சம்பளத்தின் ஒரு பகுதி. 2022 ஜனவரியில் கூலி சமமானது, ஆனாலும் கார்ட் மெசின் 18, 20 என்று கேட்பதை விடவில்லை. அந்தக் கணக்கு இங்கே பொருந்தாது. நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் பில்லிலேயே 10 சதவீதம் சேவைக் கட்டணம் இருக்கிறது, அது ஊழியருக்குப் பகிரப்படுவது. 5,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் சேவைக் கட்டணம் 500, வற் வரியும் ஏறி பில் 6,500 அளவில் வரும். நீங்கள் அந்த 6,500-க்கு 15 சதவீதம் பார்த்து ஆயிரம் வைக்கிறீர்கள். சாப்பாட்டுக்கு 5,000, பரிமாறியதற்கு 1,500. ரொறன்ரோவிலேகூட முப்பது சதவீதம் யாரும் வைப்பதில்லை.

சேவைக் கட்டணம் போட்ட பில் என்றால், நன்றாகக் கவனித்த பையனின் கையில் இருநூறு, முந்நூறு கொடுங்கள். அது போதும். கொடுக்க மனம் உள்ளவர்கள் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை கொடுங்கள். இங்கே சீசன் மே முதல் செப்டெம்பர் வரைதான், மழை தொடங்கினால் அறைகள் காலி, அவர்களுடைய சேவைக் கட்டணப் பங்கும் அதோடு விழுந்துவிடும். ஓகஸ்டில் வைக்கிற ஆயிரத்தைவிட நவம்பரில் கொடுக்கும் முந்நூறு அவர்களுக்கு உதவும். சாப்பாட்டுக் கடையில் ஒன்றும் எதிர்பார்க்க மாட்டார்கள், வேண்டுமானால் ஐம்பது, நூறு. வெளி ஓட்டோ என்றால் ஏறும் முன்னே காசைப் பேசி, பேசியதைக் கொடுங்கள். படகுக்காரருக்கும் அப்படித்தான். கோணேசர் கோயிலில் தட்டில் வைப்பது உங்கள் மனம், அதில் நான் தலையிடவில்லை.

ஒன்றில் மட்டும் தலையிடுகிறேன். விசா வேலையாகப் போன இடத்தில் ‘பியோனுக்கு ஆயிரம் சந்தோசம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அரசாங்க ஊழியர் செய்ய வேண்டிய வேலைக்குக் கொடுப்பதற்கு டிப்ஸ் என்று பெயர் இல்லை. 2023-ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் வாங்குபவரை மட்டுமல்ல, கொடுப்பவரையும் பிடிக்கும். வதிவிட விசாவில் இருப்பவர் இந்த விளையாட்டுக்குப் போகக் கூடாது.

வேலைக்காரப் பெண்ணுக்கு வாராவாரம் கொடுக்கும் 2,000-ஐ நிறுத்தி, சித்திரை வருடப்பிறப்புக்கு ஒரு மாதச் சம்பளம், தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் என்று கொடுங்கள். ஆண்டுக்கு 104,000 போனது 50,000 ஆகும். அவளுக்கும் மொத்தமாகக் கையில் வந்தால் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யலாம். இதை அவளிடம் முன்னரே சொல்லிவிடுங்கள், சம்பளத்தைக் குறைக்கிறார்கள் என்று நினைக்கக் கூடாது.

மருமகனிடம்தான் உங்களுக்குக் கூச்சம். ‘மாமா, உங்களுக்கு இதென்ன காசே, பதினைஞ்சு டொலர்கூட வராதே’ என்று அவன் சொன்னதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவன் டொலரில் சொல்கிறான், நீங்களும் டொலரில் கேட்கிறீர்கள், ஆனால் அவன் செலவழிப்பது ரூபாயில். மாதம் 60,000 என்பது பலர் முழுநாள் உழைத்து வாங்கும் சம்பளத்தைவிடக் கூட. அவன் பிழையான பிள்ளை என்று சொல்லவில்லை. விலை பேசாமல் வேலை வாங்கினால் யாராக இருந்தாலும் அப்படித்தான் ஏறும். உட்கார வைத்துப் பேசுங்கள்: மாதம் 30,000, இத்தனை ஓட்டம், பெற்றோலும் அதற்குள், முதலாம் திகதி காசு. ஒத்துக்கொண்டால் சரி. இல்லையென்றால் வெளி ஓட்டோ பிடியுங்கள், மாமா–மருமகன் உறவாவது மிஞ்சும். அக்காவுக்கு மாதம் 15,000 என்று ஒரே தொகையாக, அவவின் கையிலேயே கொடுங்கள்.

இப்போது கணக்கு. மருமகன் 30,000, அக்கா 15,000, வேலைக்காரப் பெண்ணின் போனஸுக்கு மாதம் சுமார் 4,000 ஒதுக்கு, மற்ற டிப்ஸ் எல்லாம் 15,000. மொத்தம் 64,000. கையில் 42,000 மிஞ்சும், சுமார் 190 டொலர். சேமிப்பில் இருந்து எடுத்த 3,100 ஒன்றரை ஆண்டுக்குள் திரும்பி வந்துவிடும்.

மாதம் 5 சதவீதச் செயலி பற்றி நீண்டு பேச எனக்குப் பொறுமை இல்லை. ஆண்டுக்கு 60 சதவீதம் தரக்கூடியவர் உங்கள் மருமகனின் கூட்டாளி மூலம் உப்புவெளியில் ஆள் தேட மாட்டார். ஆள் சேர்த்தால் பங்கு என்று சொன்னார்களா என்று கேட்டுப் பாருங்கள். சொன்னால் அது பிரமிட் மோசடி, வங்கிச் சட்டம் தடை செய்தது.

வானுக்கு 6 இலட்சம் என்றால் 2,700 டொலருக்கு மேல். கடனட்டையை அடைத்த பிறகு உங்களிடம் இருப்பது 4,900, அதில் பாதிக்கு மேல் போய்விடும். ஒன்ராறியோ மருத்துவக் காப்பு ஓகிப்புக்கு எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 153 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். நீங்கள் இல்லை. நாளைக்கு நெஞ்சுவலி என்றால் திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு மேலே கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால், அந்த 4,900-தான் காப்பு. பிணைக் கையெழுத்து அதைவிட மோசம்: சீசன் முடிந்து வான் சும்மா நிற்கும் நவம்பர், டிசம்பரிலும் தவணை வரும், அவன் கட்டத் தவறினால் கடிதம் உங்கள் வீட்டுக்கு வரும். முற்பணமும் இல்லை, கையெழுத்தும் இல்லை என்று அவனிடம் நீங்களே சொல்லுங்கள், அக்கா மூலம் சொல்லி அனுப்ப வேண்டாம். உதவாமல் இருக்க மனம் கேட்காவிட்டால், ஒன்றரை ஆண்டு கழித்துச் சேமிப்பு திரும்ப 8,000 ஆன பிறகு, திரும்பி வராது என்று எண்ணியே கொடுக்கக்கூடிய ஒரு தொகையோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.