வாய்க்கால் இறக்கத்தில் டர்பைன் வைக்கலாமா?

வணக்கம். கிளை வாய்க்காலில் 4 அடி இறக்கம் இருக்கிறது, டர்பைன் வைத்து மின்சாரம் எடுத்து 5 எச்.பி. மோட்டார் ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் தண்ணீரை அளந்து பாருங்கள். நேராக ஓடும் இடத்தில் 10 மீட்டருக்குக் கயிறு கட்டி, முற்றிய தேங்காய் ஒன்றை மிதக்க விடுங்கள். 25 விநாடியில் கடந்தால் மேல்மட்ட வேகம் விநாடிக்கு 0.4 மீட்டர், சராசரி வேகத்துக்கு அதை 0.85ஆல் பெருக்குங்கள். அகலம் 2.5, ஆழம் 0.6 மீட்டர் என்றால் விநாடிக்கு 0.51 கனமீட்டர், அதாவது 18 கனஅடி. 1.2 மீட்டர் (4 அடி) இறக்கத்துக்கு, 60 சதவீதத் திறனில், 3.6 கிலோவாட்தான் வரும். உங்கள் மோட்டாருக்கு அது போதாது. ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு இழுக்கும். விளக்கு, சின்ன பம்பு ஓடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் சிக்கல். கீழ்ப்பக்க மட்டம் ஏறி 4 அடி 1 அடியாகிவிடும், டர்பைன் நின்றுவிடும். ஆகாயத்தாமரையும் டர்பைனுக்கு முன்னால் வைக்கும் கம்பிச் சல்லடையை அடைக்கும், தினமும் வாரியாக வேண்டும். மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடினாலும், இடையில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது, உங்கள் முறை இல்லாத நாட்களில் வாய்க்கால் காயும்.

இறக்கம் கூட்ட வாய்க்காலின் குறுக்கே பலகை மட்டும் போட்டுவிடாதீர்கள். மேலே கரை உடையும், கடைமடைக்குத் தண்ணீர் தாமதமாகும். நீர்வளத்துறை அனுமதி இல்லாமல் கட்டுமானத்தில் கை வைக்கவும் கூடாது.