வாசகர் கேள்வி-பதில்: டெய்லி சார்ட்டில் யூரோ-டாலர்

யூரோ-டாலர் டெய்லி சார்ட்டை இரண்டு புரோக்கர்களின் செயலிகளில் பார்க்கிறேன். ஒன்றில் வாரத்துக்கு ஐந்து கேண்டில் (ஒரு நாளின் விலை நகர்வைக் காட்டும் பட்டை), இன்னொன்றில் ஆறு. எதை நம்புவது?
– வாசகர், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

ஐந்து காட்டுவதை நம்புங்கள். நாணயச் சந்தை வார நாட்களில் இரவு பகலாக ஓடுகிறது. நியூயார்க் மாலை 5 மணியை நாள் முடிவாகக் கொள்வது உலக வழக்கம். சிங்கப்பூரில் அது அதிகாலை 5 மணி. அமெரிக்காவில் கோடை நேரம் முடிந்தபின் 6 மணி. ஆறு காட்டும் செயலியின் சர்வர் வேறு நேரக் கணக்கில் ஓடுவதால், வாரத் தொடக்கத்தின் முதல் சில மணி நேரம் தனி கேண்டிலாக விழுந்துவிடுகிறது.

அந்தக் குட்டி கேண்டில் செய்யும் கெடுதல் பெரிது. ஒரு நாளின் சராசரி ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் 14 நாள் ஏ.டி.ஆரில் இப்படி இரண்டு மூன்று நுழைந்தால் சராசரி குறையும். அதை வைத்துப் போடும் ஸ்டாப் லாஸும் (நஷ்டத்தை நிறுத்த நிலையை மூடும் விலை) தேவைக்கு மேல் நெருங்கிவிடும். சர்வர் நேரம் கோடையில் ஜி.எம்.டி. +3, குளிர்காலத்தில் +2 என்று இருந்தால் இந்தச் சிக்கல் வராது. கணக்கு தொடங்குமுன் புரோக்கரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

என் கணக்கில் 5,000 டாலர் இருக்கிறது. டெய்லி சார்ட்டில் ஸ்டாப் 100 பிப்புக்கு (ஒரு பிப் என்பது 0.0001) மேல் போகிறது, பயமாக இருக்கிறது. 30 பிப்பில் வைத்தால் அடிபட்டு, பிறகு விலை நான் நினைத்த பக்கமே போகிறது.
– வாசகி, ஜூரோங், சிங்கப்பூர்

திசையைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். லாட் அளவை, அதாவது எவ்வளவு வாங்குவது என்பதை, முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கேற்ப ஸ்டாப்பைச் சுருக்குவதுதான் பிரச்சினை. வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்: சார்ட் ஸ்டாப்பைச் சொல்லும், ஸ்டாப் லாட்டைச் சொல்லும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வீக்லி சார்ட்டில் உச்சங்களும் தாழ்வுகளும் படிப்படியாக உயர்கின்றன. டெய்லியில் விலை 20 நாள் இ.எம்.ஏ. (நகரும் சராசரிக் கோடு) வரை இறங்கி, 1.0955-இல் தாழ்வு போட்டுத் திரும்புகிறது. ஒரு நாள் கேண்டில் முந்தைய நாளின் ஹைக்கு மேல் முடிகிறது. அந்தக் கேண்டிலின் ஹைக்குச் சற்று மேலே 1.1052-இல் பை ஸ்டாப் ஆர்டர் (விலை அங்கே ஏறினால் வாங்கும் ஆர்டர்) போடுகிறீர்கள். ஏ.டி.ஆர். 75 பிப் என்றால் அதன் ஒன்றரை மடங்கு ஏறக்குறைய 110 பிப். எனவே ஸ்டாப் 1.0942. அது தாழ்வுக்கும் கீழே இருப்பதால் பொருந்துகிறது. ஏ.டி.ஆர். கணக்கு தாழ்வுக்கு மேலே நின்றுவிட்டால், தாழ்வுக்குக் கீழேயே வையுங்கள்.

இனி லாட். ஒரு வர்த்தகத்தில் கணக்கின் 1 சதவீதம், அதாவது 50 டாலருக்கு மேல் இழக்கக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். மைக்ரோ லாட் என்பது 1,000 யூரோ. அதில் ஒரு பிப் 10 சென்ட். 110 பிப்புக்கு 11 டாலர். 50-ஐ 11-ஆல் வகுத்தால் நாலரை. கீழ்நோக்கி முழுமையாக்கி 4 மைக்ரோ லாட், அதாவது 0.04. இழந்தால் 44 டாலர். சிங்கப்பூரில் சில்லறை முதலீட்டாளர் நாணய வர்த்தகத்துக்குக் குறைந்தது 5 சதவீத மார்ஜின் (பிணைத்தொகை) வைக்க வேண்டும். இதற்குச் சுமார் 220 டாலர்தான் முடங்கும். மார்ஜின் மிச்சமிருக்கிறதே என்று லாட்டை ஏற்றாதீர்கள்.

30 பிப் ஏன் அடிபடுகிறது? நாளுக்கு 75 பிப் ஆடும் ஜோடியில் அது பாதி நாள் ஆட்டத்துக்கும் குறைவு. லண்டன் திறப்பின் வழக்கமான அசைவே போதும்.

வாங்குமுன் மேலே எவ்வளவு இடம் இருக்கிறது என்றும் பாருங்கள். முந்தைய உச்சம் 1.1230 என்றால் 178 பிப். 110 பிப் ரிஸ்க்குக்குத் தகும். 1.1130 என்றால் 78 பிப்தான்; விட்டுவிடுங்கள், சார்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும். அதே நேரத்தில் பவுண்ட்-டாலரிலும் வாங்கிவிட்டு ரிஸ்க்கைப் பிரித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். இரண்டும் டாலர் வீழும் என்ற ஒரே கணிப்பு. 1 சதவீதத்தை இரண்டுக்கும் பங்கிடுங்கள்.

விலை இறங்கும் என்று விற்று ஷார்ட் போயிருந்தேன், ஸ்டாப் 1.1040. சார்ட்டில் அன்றைய ஹை 1.1034-தான். ஆனாலும் ஸ்டாப் அடித்துவிட்டது. புரோக்கர் ஏமாற்றுகிறாரா?
– வாசகர், கிள்ளான், மலேசியா

பெரும்பாலும் இல்லை. சார்ட் வழக்கமாகக் காட்டுவது பிட் விலை, அதாவது நீங்கள் விற்கும் விலை. ஷார்ட்டை மூட நீங்கள் வாங்க வேண்டும். வாங்குவது ஆஸ்க் விலையில். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் ஸ்ப்ரெட். பகலில் ஒரு பிப்பாக இருக்கும் அது, நியூயார்க் நாள் முடியும்போது வங்கிகள் ஒதுங்குவதால் பல மடங்கு விரியும். பிட் 1.1034, ஸ்ப்ரெட் 8 பிப் என்றால் ஆஸ்க் 1.1042. உங்கள் 1.1040 அதற்குள் வந்துவிடுகிறது.

கணக்கு வரலாற்றில் ஸ்டாப் அடித்த நிமிடத்தைப் பாருங்கள். மலேசிய நேரம் அதிகாலை 5 அல்லது 6 மணியை ஒட்டியிருந்தால் காரணம் இதுதான். நண்பகலில் நடந்திருந்தால் புரோக்கரிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். சார்ட் அமைப்பில் ஆஸ்க் கோட்டை இயக்கி வையுங்கள். ஷார்ட்டின் ஸ்டாப்பை 8 முதல் 10 பிப் தள்ளி வைத்து, அதைச் சேர்த்தே லாட் கணக்கிடுங்கள். லாங் (வாங்கிய) நிலையின் ஸ்டாப் பிட் விலையில் அடிப்பதால் சார்ட்டில் தெரியும். ஆனால் பை ஸ்டாப் நுழைவு ஆஸ்க்கில்தான். நாள் முடிந்த முதல் அரை மணியில் புது ஆர்டர் வேண்டாம்.

ஸ்டாப் போட்ட விலையிலேயே வெளியேறுவோம் என்ற உறுதியும் கிடையாது. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் தேசிய வங்கி யூரோவுக்கு 1.20 ஃபிராங்க் என்ற தாங்கு நிலையைக் கைவிட்டபோது, ஸ்டாப் போட்டிருந்தவர்கள் பலரின் ஆர்டர்கள் வெகு கீழேதான் நிறைவேறின.

புதன்கிழமை இரவில் மட்டும் ஸ்வாப் (இரவைத் தாண்டும் நிலைக்கான வட்டி) மூன்று மடங்கு கழிக்கிறார்கள். ஏன்?
– வாசகர், ஈப்போ, மலேசியா

யூரோ-டாலர் ஸ்பாட் (உடனடி) வர்த்தகத்தில் பணம் கைமாறும் தீர்வு நாள் இரண்டு வேலை நாள் கழித்தே வரும். புதன் இரவைத் தாண்டினால் தீர்வு நாள் வெள்ளியிலிருந்து திங்களுக்குப் போகிறது. சனி, ஞாயிறு வட்டியும் சேர்கிறது. டாலர் வட்டி யூரோ வட்டியைவிட அதிகமாக இருக்கும்வரை யூரோ வாங்கியவர்தான் கொடுப்பார். ஆண்டுக்கு 2.5 சதவீதம் என்று வைத்தால், மேலே பார்த்த 4 மைக்ரோ லாட், அதாவது 4,000 யூரோ நிலைக்கு நாளுக்குச் சுமார் 30 சென்ட். இரண்டு வாரத்தில் 4 டாலருக்கு மேல். 44 டாலர் ரிஸ்க்கில் பத்தில் ஒரு பங்கு இது. நகராமல் கிடக்கும் நிலையை மூட இந்தச் செலவே போதுமான காரணம்.

வெளிநாட்டுச் செயலி ஒன்றில் யூ.பி.ஐ. வழியாகப் பணம் போட்டு யூரோ-டாலர் செய்யலாம் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

வேண்டாம். இந்தியாவில் வசிப்பவர், அங்கீகரிக்கப்பட்ட வங்கி போன்றவர்களுடனோ, ரிசர்வ் வங்கி அனுமதித்த தளத்திலோ, அங்கீகாரம் பெற்ற பங்குச் சந்தையிலோதான் இந்த வர்த்தகம் செய்யலாம். வெளிநாட்டு மார்ஜினுக்குப் பணம் அனுப்பவும் அனுமதியில்லை. மீறினால் ஃபெமா (அந்நியச் செலாவணி மேலாண்மை) சட்டப்படி தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். அனுமதி பெறாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 முதல் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. ஆனால் பட்டியலில் பெயர் இல்லை என்பதாலேயே ஒரு தளம் அனுமதி பெற்றதாகிவிடாது.

பங்குச் சந்தையின் டாலர்-ரூபாய் ஃபியூச்சர்ஸில் (பிற்காலத் தேதிக்கான ஒப்பந்தம்) ஒரு லாட் 1,000 டாலர், குறைந்தபட்ச அசைவு கால் பைசா, அதாவது லாட்டுக்கு ₹2.50. ஆனால் 2024 மே 3 முதல் அதற்கும் ஏற்றுமதி, இறக்குமதி, வெளிநாட்டுக் கடன் போன்ற உண்மையான நாணயத் தேவை இருக்க வேண்டும். 10 கோடி டாலர் வரை அதற்கு ஆவணம் காட்டத் தேவையில்லை. தேவை இருந்தே ஆக வேண்டும். திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியாளருக்கு அது இருக்கிறது. சம்பளக்காரருக்கு இல்லையென்றால் அந்தக் கதவு மூடியதுதான்.