வாய்க்கால் வெட்டியாச்சு, அடுத்த வருஷம் யார் பார்ப்பது?

பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். இப்போது எங்கள் ஊர்ப் பாசனச் சங்கத்துக்குக் கணக்கு எழுதுகிறேன். காவிரி டெல்டா வாய்க்கால் சமாச்சாரமாக வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து: ஐயா, ஆற்றில் தண்ணீர் போகிறது, வயலுக்கு வரவில்லை. எந்த ஆபீஸுக்குப் போனாலும் "எங்களுடையது இல்லை" என்கிறார்கள்.

உங்கள் வாய்க்கால் ஏ, பி வகையா (ஆறும் பெரிய வாய்க்காலும்), சி, டி வகையா (அவற்றிலிருந்து பிரியும் சின்ன வாய்க்கால்) என்று முதலில் விசாரியுங்கள். ஏ, பி என்றால் நீர்வளத்துறை. சி, டி வாய்க்கால்களைச் சமீப வருஷங்களில் வேளாண்மைப் பொறியியல் துறை தூர்வாருகிறது. சில ஊர்களில் நூறு நாள் வேலையிலும் நடந்திருக்கிறது. மனுவைக் கலெக்டர் ஆபீஸில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். அங்கே எல்லாத் துறையும் ஒரே அறையில் இருப்பதால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்ப முடியாது.

குடிமராமத்து அரசுத் திட்டமா, ஊர் வேலையா?

குளம், வாய்க்காலை ஊர்க்காரர்களே கூடிச் செப்பனிடுவதுதான் குடிமராமத்து. ஊர் வேலையாகத்தான் இருந்தது. வராதவர்களை வரவழைக்க வெள்ளைக்காரன் 1858இல் சட்டமே போட்டான். 2017இல் அரசு அதே பெயரில் மறுபடி தொடங்கியது. முதல் கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள். செலவில் 10 சதவீதத்தைப் பணமாகவோ உழைப்பாகவோ விவசாயிகள் போட வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த ஒரு வாய்க்காலில் அந்தப் பத்தையும் வேலை எடுத்தவரே போட்டுவிட்டார். மூன்றாம் வருஷம் மதகுப் பலகை காணாமல் போனபோது, ஊரில் ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை.

அண்ணே, ஒரு கம்பெனி எங்கள் குளத்தை வெட்டித் தருகிறேன் என்கிறது. நம்பலாமா?

நம்பலாம். 2013 கம்பெனிகள் சட்டப்படி பெரிய கம்பெனிகள் முந்தைய 3 வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூக வேலைகளுக்குச் செலவிட வேண்டும். தானம் வாங்குவதாகக் கூச்சப்படாதீர்கள்.

ஆனால் குளம் யாருடையது? பஞ்சாயத்தா, கோயிலா, நீர்வளத்துறையா? அனுமதி அங்கிருந்து எழுத்தில் வர வேண்டும். வெட்டும் மண் எங்கே போகிறது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். குளம் வெட்ட வந்து மண் வியாபாரத்தில் முடிந்த கதைகள் உண்டு. அளந்து கல் ஊன்றாமல் பொக்லைனை இறக்க விடாதீர்கள். ஆக்கிரமிப்புக்காரர் பாதிக் குளத்தைத் தன் பட்டா என்பார். திறப்பு விழாவுக்குப் பிறகு கம்பெனி ஆட்கள் வரமாட்டார்கள். அதனால் அடுத்த 3 வருஷப் பராமரிப்புக்கும் ஒரு தொகை கேளுங்கள். தயங்குவார்கள், கேளுங்கள்.

கம்பெனி இல்லாமலும் நடக்கும். கஜா புயலுக்குப் பிறகு பேராவூரணி பெரியகுளம் ஏரியை அந்தப் பகுதி இளைஞர்களே நிதி திரட்டித் தூர்வாரினார்கள்.

பேசாமல் ஷட்டர், மதகு எல்லாவற்றையும் டோல்கேட் மாதிரி தனியாரிடம் விட்டுவிடலாமே?

ஷட்டருக்கு கிரீஸ் போட, மோட்டார் மாற்ற காண்ட்ராக்ட் விடுங்கள், சந்தோஷம். எத்தனை நாள் திறப்பது என்ற முடிவை மட்டும் தனியாரிடம் விடாதீர்கள். மேட்டூரை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். 2024இல் ஜூலை 28 ஆகிவிட்டது. அப்படித் தண்ணீர் குறையும் வருஷத்தில்தான் முறை வைத்துப் பாய்ச்ச வேண்டியிருக்கும். வாய்க்காலின் தொடக்கத்தில் இருக்கும் தலைமடைக்காரர் காசு கட்டிவிட்டார் என்று மதகைத் திறந்தே வைத்தால், கடைசியில் இருக்கும் கடைமடைக்காரர் எங்கே போவார்? இப்போது மதகைத் திறந்து மூடும் அரசு ஊழியரான லஸ்கரிடம் சண்டை போடவாவது முடிகிறது.

கர்நாடகத் தண்ணீரை எங்கள் சங்கம் கேட்க முடியுமா?

முடியாது. அது 2018இல் அமைந்த காவிரி மேலாண்மை ஆணையத்தின் வேலை. மேட்டூருக்குக் கீழேதான் நம் பேச்சு.

வெட்டின வாய்க்காலில் மறுபடி ஆகாயத்தாமரை. யார் எடுப்பது?

எங்கள் ஊரில் சம்பா அறுவடை முடிந்ததும் ஒரு மா நிலத்துக்கு (ஏக்கரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு) 50 ரூபாய் வசூல். குத்தகைக்காரரா நிலக்காரரா என்று பார்ப்பதில்லை, தண்ணீர் பாய்கிறவர் கொடுக்க வேண்டும். அந்தப் பணத்தில் ஆடி பிறக்குமுன் இரண்டு நாள் ஆள் விடுகிறோம். போன வருஷம் வசூல் நோட்டு வைக்கோல் போருக்குள் போய்விட்டது. தேடி எடுக்கவே ஒரு நாள் ஆச்சு. இப்போது இரண்டு நோட்டு எழுதுகிறேன்.