மீன்கொத்தி பாயும் படம் மங்கலாக வருகிறதா?

நண்பரே, பள்ளிக்கரணையில் கருப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணீரில் பாயும்போது ஷட்டர் வேகம் 1/1000 நொடியில் எடுத்தும் எல்லாம் மங்கல், ஃபோகஸ் அலைகளுக்குப் போய்விடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். 1/1000 போதாது. 1/3200-க்கு ஏற்றுங்கள், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 2000 ஆனாலும் பரவாயில்லை, அதனால் படத்தில் வரும் புள்ளி இரைச்சலைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

அதைவிட முக்கியம், பாய்ச்சலைத் துரத்தாதீர்கள். இந்தப் பறவை பாயும் முன் அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும், அலகு கீழ்நோக்கி இருக்கும், உடம்பு முழுக்கத் துடித்தாலும் தலை மட்டும் ஆணி அடித்த மாதிரி அசையாது. அந்தத் தலையில், நகரும் பொருளைக் கேமரா தானே பின்தொடரும் தொடர் ஃபோகஸைப் பிடித்து வைத்து, விழும்போது கூடவே இறங்குங்கள். காற்றை எதிர்த்துத்தான் அப்படி நிற்கும் என்பதால் காற்று உங்கள் முதுகில் படுகிற பக்கம் நின்றால் முகம் கிடைக்கும். அப்புறம், வெள்ளை இறகு வெளுத்துப் போகாமல் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியை, அரை ஸ்டாப் குறையுங்கள்.

மீனோடு எழுந்ததும் கேமராவை இறக்கிவிடாதீர்கள்! வழக்கமாக உட்காரும் கம்புக்குப் போய், மீனை அதில் அடித்து அடித்து அடக்கி, தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்கும். செதில் சிதறுவது வரை தெரியும். எனக்கு அந்தப் படங்கள்தான் பாய்ச்சலைவிடப் பிடிக்கும்.

தயவுசெய்து மீன் போட்டு வரவழைக்க மட்டும் வேண்டாம்.