முழங்கால் வலியுள்ள தாயாரையும் ஐந்து வயதுக் குழந்தையையும் அழைத்துக்கொண்டு இரண்டே நாளில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவைப் பார்த்துவிட முடியுமா?

முடியாது. ஆனால் அதற்குக் காரணம் உங்கள் தாயாரும் அல்லர், குழந்தையும் அன்று. அந்த இரண்டு நாள்தான். பயணத்தைக் கெடுப்பவர்கள் முதியவர்களே என்ற எண்ணத்துடன் கேட்கப்படும் கேள்வியாக இது தோன்றுவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எழுபதைக் கடந்த என் தாயாரை நாங்கள் அழைத்துச் சென்றபோது, அவரை விடுதி அறையிலேயே விட்டுச் செல்லும்படி உறவினர் ஒருவர் அறிவுறுத்தினார். அவர் சொன்னதைக் கேட்டிருந்தால், கொதிநீரை விட்டுவிட்டு உயரப் பீய்ச்சும் ஓல்டு ஃபெய்த்ஃபுல் பீச்சூற்றின் எதிரே பலகையில் அமர்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே அது எத்தனை நிமிடம் பீறிடுகிறது என்று என் தாயார் கணக்கிட்டதை நாங்கள் கண்டிருக்க மாட்டோம். நெடுநேரம் பீறிட்டால் அடுத்ததற்கு ஒன்றரை மணி நேரமோ அதற்கு மேலுமோ காத்திருக்க வேண்டும். சுருக்கமாக முடிந்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலேயே மீண்டும் எழும். பூங்கா ஊழியர்களும் இதை வைத்தே அடுத்த நேரத்தைக் கணித்து, பத்து நிமிடம் முன்பின் ஆகலாம் என்று அறிவிக்கிறார்கள். கணித ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற அவர், அறிவிப்பு வருவதற்கு முன்பே தம் விடையைச் சொல்லிவிட்டார். பேரனுக்கு அன்று பீச்சூற்றைவிடப் பாட்டிதான் பெரிய அதிசயம்.

அங்கே நடப்பதும் அத்தனை கடினமன்று. ஊற்றுகளைச் சுற்றியுள்ள மரப்பலகைப் பாதைகளில் பல சமதளமானவை. நாரிஸ், மம்மத் போன்ற இடங்களில் ஏற்ற இறக்கங்களும் படிகளும் உண்டு. அங்கே மேல்தளத்தில் நின்று பார்ப்பதோடு தாயார் நிறுத்திக்கொள்ளலாம். பூங்காவின் பெரும்பகுதி 2,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருப்பதால் முதல் நாள் மூச்சு வாங்கும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

உண்மையில் கவனம் வேண்டியது குழந்தையிடத்தில்தான். பாதையின் பல பகுதிகளில் கைப்பிடியே இல்லை. பக்கத்தில் தரைபோலத் தெரிவது மெல்லிய ஓடாக இருக்கலாம், அதன் அடியில் கொதிநீர் இருக்கலாம். அந்த ஊற்றுகளில் வெந்து இறந்தவர்கள் 20 பேருக்கும் மேல். கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்றருகே நீராவி மூக்குக்கண்ணாடியை மூடிக்கொள்ள, காற்று தொப்பியைப் பறித்துச் செல்லும். எட்டாத இடத்தில் தொப்பிகள் விழுந்து கிடப்பதைக் கண்டு, என் மகனின் தொப்பியை முன்கூட்டியே பைக்குள் வைத்துவிட்டேன். படம் எடுப்பதற்காகப் பாதையைவிட்டு இறங்கிய ஒருவரிடம் நான் சொல்லப்போய், “உங்கள் வேலையைப் பாருங்கள்” என்ற பதிலே கிடைத்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற சிறுவனுக்கு விதியைக் கற்பிப்பதும் என் வேலைதான் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

இனி நாட்களுக்கு வருவோம். பூங்காவின் உட்சாலை 8 என்ற எண்ணின் வடிவில் ஏறத்தாழ 228 கிலோமீட்டர் நீள்கிறது. பெரும்பாலும் மணிக்கு 45 மைல் வேகமே உச்சவரம்பு. அதையும் காட்டெருமைகள் அனுமதிக்க வேண்டும். அவை சாலையில் நின்றுவிட்டால் அவை நகரும்வரை வண்டிகளும் நிற்கும். அவற்றிலிருந்து 23 மீட்டரும், கரடி, ஓநாய்களிலிருந்து 91 மீட்டரும் விலகியே இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே வரைபடத்தில் ஒரு மணி நேரம் என்றால் இரண்டாகக் கொள்ளுங்கள்.

இரண்டு நாள்தான் உண்டென்றால் அந்த 8இன் கீழ்வட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு நாள் ஓல்டு ஃபெய்த்ஃபுல், கிராண்ட் பிரிஸ்மாட்டிக் பகுதிக்கு, மறுநாள் ஏரிக்கும் ஹேடன் பள்ளத்தாக்குக்கும் யெல்லோஸ்டோன் ஆற்றின் பெரும் மலையிடுக்கிலுள்ள அருவிகளுக்கும். வடக்கே உள்ள மம்மத்தையும் லாமர் பள்ளத்தாக்கையும் விட்டுவிடுங்கள். நெடுந்தொலைவு மலையேறாதவர் யெல்லோஸ்டோனைப் பார்த்ததாகவே ஆகாது என்பவர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு வழக்கில்லை, அவர்கள் பயணம் வேறு. எங்கே உறங்குகிறீர்கள் என்பதை மட்டும் முதலில் முடிவு செய்யுங்கள். உள்ளே இருக்கும் விடுதிகள் பல மாதங்களுக்கு முன்பே நிறைந்துவிடும். மேற்கு வாயிலில் உள்ள ஊரில் தங்கினால் ஓல்டு ஃபெய்த்ஃபுல்லுக்குப் போக மட்டும் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். நண்பகலில் தாயாரும் குழந்தையும் ஒரு மணி நேரம் படுத்து எழ வேண்டுமானால், உள்ளே அறை கிடைக்கும் தேதிக்கே உங்கள் விடுமுறையை மாற்றிக்கொள்வது நல்லது.